எந்தப் பயணத்துக்கு எந்த எஞ்சின்?

ஹூக்ளிக் கரையின் ஒரு தளத்தில் மூன்று விதமான எஞ்சின்களோடு மூன்று விதமான கப்பல்கள். மகேந்திரகிரியில் 200 டன் எடையைத் தூக்கக்கூடிய ராக்கெட் எஞ்சினின் சோதனை. வெற்றிட அறைக்குள் 30 கிராம் எடை அளவுக்கு மட்டுமே தள்ளும் பிளாஸ்மா உந்தி. இந்திய விண்வெளிப் பயணத்தின் அடுத்த கட்டத்தை இவற்றில் எது தீர்மானிக்கும்?

கொல்கத்தாவின் தென்மேற்கு மூலையில், ஹூக்ளி வளைந்து கடலை நோக்கித் திரும்பும் கரைதான் கார்டன் ரீச். எதிர்க்கரையில் சிப்பூர் தாவரவியல் பூங்கா. இந்தப் பக்கம், லக்னோ அரியணையை இழந்த நவாப் வாஜித் அலி ஷா 1856இல் வந்து குடியேறிய மேட்டியாபுரூஜும் அதன் தையற்கூடங்களும். கொஞ்சம் தள்ளி தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம். இவற்றுக்கு நடுவே, நதியைத் தொட்டபடி, கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம். ஜி.ஆர்.எஸ்.இ. என்றால் கடற்படையில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். ஆகஸ்ட் 26 அன்று கடற்படையில் சேர்ந்த 'ஹிம்கிரி' 149 மீட்டர் நீளப் போர்க்கப்பல். அதில் டீசல் எஞ்சினும் உண்டு, காஸ் டர்பைனும் உண்டு. நிதானமாக ரோந்து போகும்போது டீசல் ஓடும். விரட்டிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் டர்பைன் எழும். அக்டோபர் 6 அன்று சேர்ந்த 'அந்த்ரோத்' சுமார் 77 மீட்டர் நீளம். கரையோர ஆழமற்ற நீரில் நீர்மூழ்கிகளைத் தேடும் கப்பல். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுழலி கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சி ஓடுகிறது. அதே வகையின் முதல் கப்பலான 'அர்னாலா' ஜூன் 18இல் சேர்ந்தது. எல் அண்ட் டி நிறுவனத்தோடு சேர்ந்து ஜி.ஆர்.எஸ்.இ. அதைக் கட்டியது நம் சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளியில். இவை போதாதென்று மேற்கு வங்க அரசுக்காக 'டேவு' என்ற பயணிகள் படகையும் இதே நிறுவனம் செய்திருக்கிறது. 150 பேரை ஏற்றிக்கொண்டு பேட்டரியில் ஓடும் படகு அது.

இந்த மூன்றில் எது நவீனமானது என்று அந்தத் தளத்துப் பொறியாளரைக் கேட்டால், கேள்வியே தப்பு என்பார். பேட்டரிப் படகை வங்காள விரிகுடாவின் நடுவே ரோந்துக்கு அனுப்ப முடியாது. காஸ் டர்பைனை வைத்துப் பயணிகளை அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டால் டிக்கெட் விலை கட்டுப்படியாகாது. வேலையைச் சொன்னால்தான் எஞ்சினைச் சொல்ல முடியும்.

விண்வெளி விஷயத்தில் மட்டும் நாம் இந்த எளிய நியாயத்தை மறந்துவிடுகிறோம். 'புரட்சிகர எஞ்சின்', 'செவ்வாய்க்குச் சில வாரங்களில்' என்று தலைப்புகள் வரும்போதெல்லாம், பழைய ராக்கெட்டுகளை எல்லாம் ஓரங்கட்டப்போகும் ஒரே எஞ்சின் வந்துவிட்டது போலப் பேச்சு கிளம்புகிறது. அப்படி ஒன்று வரப்போவதில்லை. நடப்பது வேறு. தரையிலிருந்து மேலே கிளப்பும் வேலைக்கும், மேலே போன பிறகு ஓட்டும் வேலைக்கும் தனித்தனி எஞ்சின்கள் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. இந்த இரண்டு பாதைகளிலும் இந்தியா இப்போது எங்கே நிற்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய கதை.

நீராவியும் ராக்கெட்டும் ஒரே படகில்

இந்தக் கரைக்கு உந்துவிசை புதிய விஷயமல்ல. கார்டன் ரீச்சை ஒட்டிய கிதிர்பூரில் 1823இல் நீரில் இறக்கப்பட்ட 'டயானா', இந்தியாவின் தொடக்ககால நீராவிப் படகுகளில் ஒன்று. அடுத்த ஆண்டு தொடங்கிய முதல் ஆங்கிலேய - பர்மியப் போருக்கு அது போனது. ஐராவதி நதியில் காற்றுக்காகக் காத்திருக்காமல், நீரோட்டத்தை எதிர்த்து ஏறக்கூடிய படகு அது. பாய்மரக் கப்பல்களை அது கட்டி இழுத்துக்கொண்டும் போனது.

டயானாவில் காங்கிரீவ் ராக்கெட்டுகளும் இருந்தன. அவற்றின் பூர்வீகமும் நம் பக்கம்தான். மைசூரில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து ஏவிய ராக்கெட்டுகள், ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்த பிறகு இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் உருவாக்கியவையே பிறகு அவர் பெயரில் உலகெங்கும் சுற்றின. ஆக, 1820களிலேயே கல்கத்தாவில் கட்டிய ஒரு படகு, துடுப்புச் சக்கரம் சுழற்ற நீராவியையும் எதிரி மேல் எறிய ராக்கெட்டையும் சேர்த்துச் சுமந்தது.

1825 டிசம்பரில் 'என்டர்பிரைஸ்' என்ற நீராவிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தா வந்து சேர்ந்தது. 113 நாள் பயணம். வழி முழுக்க நீராவியில் வந்ததாக நினைத்துவிட வேண்டாம். கணிசமான தூரம் பாய்மரத்தில்தான் ஓடியது. எவ்வளவு நிலக்கரி ஏற்றினாலும் அந்தத் தூரத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. அதிகமாக ஏற்றினால் அந்தக் கரியைச் சுமக்கவே கரி எரிக்க வேண்டியதாகிறது. ராக்கெட் பொறியாளர்களை இன்றுவரை தூங்கவிடாத கணக்கும் அதுவேதான்.

நதிப் படகுகளைப் பழுது பார்க்கும் சிறு பட்டறையாக 1884இல் தொடங்கியது இன்றைய ஜி.ஆர்.எஸ்.இ. 1934இல் கம்பெனியாகப் பதிவாகி, 1960இல் மத்திய அரசின் கைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான 'அஜய்' 1961இல் இங்கிருந்துதான் போனது. எஞ்சின்கள் இங்கே ஒவ்வொன்றாக மாறின. ஒவ்வொரு மாற்றமும் முந்தையதைத் துடைத்தெறியாமல், தனக்கென்று ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

பின்னால் எறிந்தால் முன்னால் போகும்

அந்த்ரோத் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கப்பலின் அடிவயிற்றில், பின்புறமாக, நீர் உள்ளே நுழைய ஒரு வாய் இருக்கிறது. உள்ளே வரும் நீரை, குழாய்க்குள் சுழலும் இறக்கைச் சக்கரம் பிடித்து அழுத்துகிறது. சக்கரத்தைச் சுழற்றுவது டீசல் எஞ்சின். அழுத்தம் ஏறிய நீர், குறுகிக்கொண்டே போகும் முனை வழியாகக் கப்பலின் பின்பக்கம் சீறி வெளியேறுகிறது. கப்பல் முன்னால் நகர்கிறது. திரும்ப வேண்டுமானால் முனையையே திருப்பிவிடலாம். தனியாகச் சுக்கான் வேண்டாம். பின்னால் வர வேண்டுமானால், சீறும் நீருக்குக் குறுக்கே ஒரு வளைந்த மூடி இறங்கி அதை முன்பக்கமாகத் திருப்பிவிடும். அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிராததால் ஆழமில்லாத நீரிலும் தட்டாது.

ராக்கெட்டும் இதையேதான் செய்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், அந்த ஒன்றில்தான் எல்லாச் சிக்கலும். கப்பல், பின்னால் எறிய வேண்டிய நீரைப் போகிற வழியிலேயே அள்ளிக்கொள்கிறது. விண்வெளியில் அள்ள எதுவும் இல்லை. எறிய வேண்டியது எல்லாவற்றையும் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டிக்கொண்டு போகிற சுமையையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டும்.

ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த கான்ஸ்தாந்தீன் சியால்கோவ்ஸ்கி 1903இல் இதை ஒரு சமன்பாட்டில் அடக்கினார். அதன் சாரம் இது: எவ்வளவு எறிகிறோம் என்பதைவிட, எவ்வளவு வேகத்தில் எறிகிறோம் என்பதுதான் முக்கியம். நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டிய ஒரு கலம், வாயுவை நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் எறிகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ கலத்தில் 63 கிலோ எரிபொருளுக்கே போய்விடும். எறியும் வேகத்தை ஆறு மடங்கு ஆக்கினால் அதே வேலைக்கு 15 கிலோ போதும். மிச்சமாகும் 48 கிலோவில் கேமரா வைக்கலாம், ஆன்டெனா வைக்கலாம், இன்னும் சில ஆண்டு ஆயுளுக்கான இருப்பும் வைக்கலாம்.

வேதி எரிபொருளில் இந்த வேகத்துக்கு ஒரு கூரை உண்டு. திட எரிபொருள் நொடிக்கு இரண்டரை கிலோமீட்டரை ஒட்டி நிற்கும். மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்தால் மூன்றைத் தாண்டும். திரவ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் நாலரையை நெருங்கும். எரிப்பதால் கிடைக்கும் ஆற்றல் அவ்வளவுதான்; அதற்கு மேல் போக வேண்டுமானால் எரிப்பதை விட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும்.

சாகர் தீவுக்கு ஒரு ராக்கெட் தபால்

ஜி.ஆர்.எஸ்.இ. கம்பெனியாகப் பதிவான அதே 1934இல், இதே நதி கடலில் கலக்கும் சாகர் தீவருகே ஒரு விசித்திரமான சோதனை நடந்தது. ஷில்லாங்கில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீபன் ஸ்மித் என்பவர், செப்டம்பர் 30 அன்று ஒரு கப்பலிலிருந்து கரையை நோக்கித் தபால் நிரப்பிய ராக்கெட் ஒன்றை ஏவினார். அது நடுவானிலேயே வெடித்தது. கடிதங்கள் சிதறி விழ, அவற்றில் பெரும்பாலானவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள்.

ஸ்மித் சளைக்கவில்லை. கல்கத்தாவின் ஓரியன்ட் பட்டாசு கம்பெனி அவருக்கு ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்தது. 1935இல் சிக்கிம் மன்னர் தாஷி நம்கியாலின் ஆதரவோடு அங்கே மலை ஆறுகளைத் தாண்டிப் பொட்டலங்களை அனுப்பிக் காட்டினார். அதே ஆண்டு ஜூன் மாதம் ஒரு சேவலையும் கோழியையும் ராக்கெட்டில் வைத்து தாமோதர் ஆற்றைக் கடக்கவைத்தார். இரண்டும் உயிரோடு இறங்கின. பத்து ஆண்டுகளில் சுமார் 270 ராக்கெட்டுகளை ஏவியவர் அவர். 1992இல் அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

ஸ்மித்தின் கனவு ஏன் நிலைக்கவில்லை? அவர் ராக்கெட்டில் பெரிய குறையில்லை. அவர் அதற்குக் கொடுத்த வேலைதான் பொருந்தவில்லை. வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட ஊருக்கு மருந்து அனுப்ப ராக்கெட் உதவலாம். ஆனால் அன்றாடத் தபாலை விமானமும் ரயிலும் மலிவாகவும் பத்திரமாகவும் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. எரியும் வேகமும் வெடிக்கும் ஆபத்தும் கொண்ட ஒரு வாகனத்துக்கு உரிய வேலை, வேறு எதுவும் போக முடியாத இடத்துக்குப் போவது. அந்த வேலை 1957இல் ஸ்புட்னிக் பறந்தபோதுதான் ராக்கெட்டுக்குக் கிடைத்தது.

கிளப்பும் எஞ்சின்: மகேந்திரகிரி

பூமியின் பிடியிலிருந்து கிளம்ப, எறியும் வேகம் மட்டும் போதாது. முரட்டு விசை வேண்டும். நூற்றுக்கணக்கான டன் எடையைச் சில நிமிடங்களுக்கு வானில் நிமிர்த்தித் தூக்கும் விசை. இதில் இன்றைக்கும் வேதி எரிபொருளுக்கு மாற்றே இல்லை.

சந்திரயான்-3ஐ 2023 ஜூலை 14 அன்று தூக்கிய எல்.வி.எம்.3 ராக்கெட்டைப் பாருங்கள். சுமார் 640 டன் எடை. அதன் இரு பக்கமும் திட எரிபொருள் பூஸ்டர்கள். தரையைவிட்டு எழுப்புவது அவற்றின் வேலை. நடுவில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள். அவை வானத்தில்தான் பற்றவைக்கப்படுகின்றன. உச்சியில் சி.இ.-20 கிரையோஜெனிக் எஞ்சின். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரியில் உள்ள ஆக்சிஜனையும் எரித்துக் கடைசிக் கட்டத்தைச் செலுத்துவது அது. ஒரே ராக்கெட்டில் மூன்று வகை எஞ்சின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஹிம்கிரியில் டீசலும் டர்பைனும் பங்கு போட்டுக்கொள்ளும் அதே ஏற்பாடு.

இந்தக் கிரையோஜெனிக் எஞ்சின் சும்மா வந்துவிடவில்லை. ரஷ்யாவிடமிருந்து தொழில்நுட்பம் வாங்கப் போட்ட ஒப்பந்தம், அமெரிக்க நெருக்குதலால் 1993இல் உடைந்தது. தயார் நிலையில் உள்ள எஞ்சின்கள் மட்டும் கிடைத்தன, செய்முறை கிடைக்கவில்லை. சொந்தமாகச் செய்து 2010 ஏப்ரல் 15 அன்று பறக்கவிட்ட முதல் எஞ்சின் தோற்று, ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. 2014 ஜனவரி 5 அன்றுதான் வெற்றி கைக்கு வந்தது.

இப்போது திருநெல்வேலி மாவட்டம் பணகுடியை ஒட்டிய மகேந்திரகிரியில் அடுத்த எஞ்சின் சோதனை மேடையில் இருக்கிறது. எஸ்.இ.-2000 என்பது அதன் பெயர். சுத்திகரித்த மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிபொருள். இலக்கு 2,000 கிலோநியூட்டன் விசை. சுமார் 200 டன் எடைக்குச் சமம். 2025 மார்ச் 28 அன்று எஞ்சினின் மையப் பகுதி இரண்டரை நொடி எரித்துப் பார்க்கப்பட்டது. ஏப்ரல் 24 அன்று மூன்றரை நொடி. இரண்டரை நொடிக்கு இவ்வளவு அமர்க்களமா என்று தோன்றலாம். இத்தனை பெரிய எஞ்சினில் பம்புகள், வால்வுகள், முன்எரிப்பு அறை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய்ப் பற்றிக்கொள்வதுதான் மிகக் கஷ்டமான கட்டம். பெரும்பாலான வெடிப்புகள் பற்றும்போதும் அணையும்போதும்தான் நடக்கின்றன.

விகாஸ் எஞ்சின்கள் எரிக்கும் எரிபொருள் நச்சுத்தன்மை உடையது, கையாளக் கடினமானது. அந்த இடத்தில் மண்ணெண்ணெய்க் கட்டம் உட்காரும்போது, எல்.வி.எம்.3 தூக்கும் எடை நான்கு டன்னிலிருந்து ஐந்து டன்னைத் தாண்டும் என்பது இஸ்ரோவின் கணக்கு.

சென்னையில் இன்னொரு முயற்சி. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வேர்விட்ட அக்னிகுல் காஸ்மாஸ், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுமேடையிலிருந்து 'அக்னிபான்' சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. எரிபொருளில் புதுமை இல்லை. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்தான். செய்முறையில்தான் புதுமை. நூற்றுக்கணக்கான பாகங்களை வெல்டிங் செய்து சேர்ப்பதற்குப் பதிலாக, முப்பரிமாண அச்சு எந்திரத்தில் ஒட்டில்லாத ஒரே துண்டாக எஞ்சினை அச்சிட்டார்கள். இணைப்பு இல்லாத இடத்தில் கசிவும் இல்லை. சிறு செயற்கைக்கோள்களுக்கு அடிக்கடி, சீக்கிரமாக ராக்கெட் வேண்டும் என்ற சந்தைக்கு இந்தச் செய்முறை பொருந்துகிறது.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கை மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது. வளையும்போது எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே போகலாம். எஞ்சினில் கை வைக்காமலேயே சிறு ராக்கெட்டின் சுமைத் திறனைக் கூட்டும் வழி அது.

ஓட்டும் எஞ்சின்: பிளாஸ்மா

மேலே போய்ச் சேர்ந்த பிறகு கதை தலைகீழ். அங்கே எடை இழுப்பதில்லை, காற்று தடுப்பதில்லை. மெதுவாகத் தள்ளினாலும் தள்ளிக்கொண்டே இருந்தால் போதும். அங்கேதான் மின் உந்துவிசைக்கு வேலை.

2025 மார்ச் மாதம் இஸ்ரோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 300 மில்லிநியூட்டன் விசை கொண்ட பிளாஸ்மா உந்தி, விண்வெளிச் சூழலைப் போன்ற வெற்றிட அறையில், 5.4 கிலோவாட் முழுத் திறனில் 1,000 மணி நேர ஆயுட்சோதனையை முடித்துவிட்டது என்பது செய்தி. 300 மில்லிநியூட்டன் என்றால் எவ்வளவு? ஆறு ஏ4 தாள்களை உள்ளங்கையில் வைத்தால் அவை எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவு. மகேந்திரகிரி எஞ்சினின் விசை இதைப் போல 60 லட்சம் மடங்குக்கும் மேல்.

இந்தக் குட்டி விசை எப்படி உருவாகிறது? வளைய வடிவில் ஒரு பள்ளம். அதன் சுவர்கள் வெப்பத்தைத் தாங்கும் பீங்கான் போன்ற பொருளால் ஆனவை. பள்ளத்தின் அடியிலிருந்து செனான் வாயு மெல்லக் கசிந்து வரும். வெளியே பொருத்திய எதிர்மின்வாய் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சும். பள்ளத்துக்குக் குறுக்கே உள்ள காந்தப்புலம் அந்த எலெக்ட்ரான்களை நேரே போகவிடாமல் பிடித்து, வட்டமடித்துச் சுற்றவைக்கும். சுற்றும் எலெக்ட்ரான்கள் செனான் அணுக்களை மோதி, அவற்றிலிருந்து ஓர் எலெக்ட்ரானைத் தட்டிப் பறிக்கும். மின்னேற்றம் பெற்ற செனான் கனமானது. காந்தப்புலத்துக்கு அது எளிதில் அடங்காது. சில நூறு வோல்ட் மின்னழுத்தம் அதைப் பிடித்து வெளியே எறியும். 300 வோல்ட் என்றால் வேகம் நொடிக்கு 20 கிலோமீட்டரை எட்டுகிறது. வெளியேறும் கற்றையில் மீண்டும் எலெக்ட்ரான்களைக் கலந்து சமன் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செயற்கைக்கோளிலேயே மின்னேற்றம் தேங்கிவிடும். இத்தனைக்கும் மின்சாரம் தருவது சூரியத் தகடுகள்.

வாயு எப்போது மின்னேற்றம் பெறும் என்ற கேள்விக்கு இயற்பியலில் அடிப்படைப் பதிலைத் தந்தவர் கல்கத்தாவின் மேகநாத் சாகா. 1920இல் அவர் வெளியிட்ட சமன்பாடு விண்மீன்களின் வெப்பநிலையை ஒளியிலிருந்து படிக்க வழி திறந்தது. உந்திக்குள் இருக்கும் பிளாஸ்மா விண்மீன் போலச் சீரான வெப்பச் சமநிலையில் இருப்பதில்லை என்பதால், அந்தச் சமன்பாடு அப்படியே இங்கே பொருந்தாது. ஆனால் மின்னேற்றம் பெற்ற வாயுவைக் கணக்குக்குள் கொண்டுவந்த முதல் பெரிய படி அதுதான்.

இஸ்ரோவின் முதல் முயற்சிக்கு நல்ல நேரம் வாய்க்கவில்லை. 2010இல் வங்காள விரிகுடாவில் விழுந்த ராக்கெட்டில் இருந்த ஜிசாட்-4 செயற்கைக்கோளில்தான் பிளாஸ்மா உந்திகளும் இருந்தன. கிளப்பும் எஞ்சின் தோற்றதால் ஓட்டும் எஞ்சினுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஏழு ஆண்டு கழித்து, 2017 மே 5 அன்று ஏவப்பட்ட ஜிசாட்-9இல் அவை பறந்தன. அங்கே அவற்றுக்குக் கொடுத்த வேலை, செயற்கைக்கோள் தன் இடத்தைவிட்டு நகராமல் அவ்வப்போது சரிசெய்வது.

இப்போதைய 300 மில்லிநியூட்டன் உந்தியின் இலக்கு பெரியது. ராக்கெட் கொண்டுபோய் விடும் பாதையிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரப் புவிநிலைப் பாதைக்குச் செயற்கைக்கோளைத் தானே ஏற்றிக்கொண்டு போவது. இன்றைக்கு அந்த வேலைக்கும் பிறகு பதினைந்து ஆண்டு இடத்தில் நிற்பதற்கும் சேர்த்து, ஏவும்போதுள்ள எடையில் ஏறத்தாழப் பாதியை எரிபொருள் விழுங்குகிறது.

இதில் ரூபாய்க் கணக்கு இருக்கிறது. எல்.வி.எம்.3 நான்கு டன் வகுப்பு ராக்கெட். அதனால்தான் 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2, 2024 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9இல் போனது. அதற்கு முன் 5,854 கிலோ ஜிசாட்-11, 2018இல் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியானில் போனது. 2025 நவம்பரில் 4,410 கிலோ சி.எம்.எஸ்.-03ஐ எல்.வி.எம்.3 தூக்கியது உண்மை. அதற்கு மேல் இழுக்க அதிக இடமில்லை. இந்தக் கூரையை உயர்த்த இரண்டு வழிகள். ராக்கெட்டை வலுவாக்குவது ஒன்று, செயற்கைக்கோளை இலேசாக்குவது இன்னொன்று. முதலாவது மகேந்திரகிரியின் வேலை, இரண்டாவது பிளாஸ்மா உந்தியின் வேலை. இரண்டும் போட்டியல்ல, ஒரே சிக்கலை இரண்டு முனையிலிருந்து அவிழ்ப்பது.

நேரம்தான் விலை

மின் உந்துவிசை இலவசமாக எதையும் தந்துவிடுவதில்லை. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு டன் செயற்கைக்கோளை 300 மில்லிநியூட்டன் உந்தி ஒரு நாள் முழுக்கத் தள்ளினால், அதன் வேகம் மணிக்கு 47 கிலோமீட்டர் கூடும். நூறு நாள் தள்ளினால் நொடிக்கு 1.3 கிலோமீட்டர். புவிநிலைப் பாதைக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும் என்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட உந்திகளோடும் மாதக்கணக்கில் ஆகும். 2015இல் போயிங் செய்த முழு மின்சாரச் செயற்கைக்கோள்கள் இரண்டு ஒரே ஃபால்கன் 9இல் போயின. ஒரே ராக்கெட் செலவில் இரண்டு. ஆனால் இடம் போய்ச் சேர அரை ஆண்டு பிடித்தது. வேதி எஞ்சினுக்குச் சில நாள்களே போதும்.

அந்த அரை ஆண்டில் செயற்கைக்கோள் ஒரு ரூபாய் சம்பாதிக்காது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களை மெதுவாகக் கடப்பதால் சூரியத் தகடுகளும் தேயும். தொலைக்காட்சி நிறுவனம் காத்திருக்கலாம். போர்க்காலத்தில் தொடர்பு தேவைப்படும் ராணுவம் காத்திருக்காது. இங்கேயும் வேலைதான் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கிறது.

1,000 மணி நேரச் சோதனைக்கு மதிப்பு ஏன் என்பதும் இங்கே விளங்கும். எறியப்படும் அயனிகளில் சில, பள்ளத்தின் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. சுவர் அரித்து முடிந்தால் உந்தியின் ஆயுள் முடிந்தது. இஸ்ரோ சோதனையின்போது அந்த அரிப்பைத்தான் இடையிடையே அளந்து பார்த்தது. மண்ணெண்ணெய் எஞ்சினை நொடிக்கணக்கிலும் பிளாஸ்மா உந்தியை மணிக்கணக்கிலும் சோதிப்பது அதனதன் வேலையின் அளவுப்படிதான்.

ஆழ் விண்வெளியில் இந்தக் கூட்டணி ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டது. 2007இல் நாசா ஏவிய 'டான்' கலம் வேதி ராக்கெட்டில் கிளம்பி, அயனி எஞ்சினில் ஓடி, 2011இல் வெஸ்டாவையும் 2015இல் செரஸையும் சுற்றி வந்தது. இரண்டு வேற்று உலகங்களைச் சுற்றிய முதல் கலம் அதுதான். வேதி எரிபொருளை மட்டும் நம்பியிருந்தால் அந்த அளவு கலத்தால் அது முடிந்திருக்காது. 2023இல் புறப்பட்ட 'சைக்கி' கலமும் பிளாஸ்மா உந்திகளில்தான் ஓடுகிறது.

இந்தியத் தனியார் நிறுவனங்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. பெங்களூருவின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம், 2024 ஜனவரி 1 அன்று பறந்த பி.எஸ்.எல்.வி.-சி58இன் கடைசிக் கட்டத்தில், நச்சுக் குறைந்த எரிபொருள் உந்தி ஒன்றையும் மின் உந்திக்கான எதிர்மின்வாயையும் வைத்துச் சோதித்தது. செயற்கைக்கோள் செய்யும் கம்பெனி, உந்தி செய்யும் கம்பெனி, ராக்கெட் செய்யும் கம்பெனி என்று தொழில் பிரியத் தொடங்கியிருக்கிறது.

மற்ற வழிகளில் சில வெகுதூரத்தில் இருக்கின்றன. ஜப்பானின் 'இக்காரோஸ்' 2010இல் எரிபொருளே இல்லாமல், சூரிய ஒளியின் அழுத்தத்தில் பாய் விரித்துப் போய்க் காட்டியது. கனமான கலத்துக்கு அது ஆகாது. அணு உலையில் ஹைட்ரஜனைச் சூடாக்கி எறியும் எஞ்சினை அமெரிக்கா 1960களிலேயே தரையில் ஓட்டிப் பார்த்து 1970களின் தொடக்கத்தில் கைவிட்டது. 2023இல் மீண்டும் அறிவித்த திட்டத்தையும் 2025இல் நிறுத்திவிட்டது. மனிதரைச் செவ்வாய்க்கு விரைவாகக் கொண்டுபோகும் வேலை உறுதியானால் அது மறுபடி எழும். எதையுமே எறியாமல் தள்ளும் என்று சொல்லப்பட்ட 'எம்டிரைவ்' கருவி, 2021இல் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் கவனமாக அளந்தபோது எதையும் தள்ளவில்லை. முன்பு காட்டிய விசை அளவீட்டுக் கோளாறு.

மூன்று கேள்விகள்

இனி 'புதிய எஞ்சின்' என்று செய்தி வந்தால் மூன்றே கேள்விகள் போதும். எவ்வளவு விசை? எவ்வளவு வேகத்தில் எறிகிறது? எவ்வளவு நேரம் ஓடிக் காட்டியது? விசை பெரிதாக இருந்தால் அது கிளப்பும் எஞ்சின். எறியும் வேகம் பெரிதாக இருந்தால் ஓட்டும் எஞ்சின். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அது இன்னும் எஞ்சினே ஆகவில்லை.

இந்தியாவின் இரண்டு முயற்சிகளையும் இந்த மேசையில் வைத்துப் பார்க்கலாம். எஸ்.இ.-2000 பற்றிக்கொள்கிறது என்று காட்டிவிட்டது. முழு எஞ்சினாக, முழு நேரம் எரிந்து காட்ட வேண்டும். பிளாஸ்மா உந்தி தரையில் 1,000 மணி நேரம் ஓடிவிட்டது, டி.டி.எஸ்.-1 என்ற சோதனைச் செயற்கைக்கோளில் ஏறி விண்ணில் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் கைதட்டி, இன்னொன்றின் பணத்தைக் குறைத்தால், அடுத்த ஐந்து டன் செயற்கைக்கோளும் வெளிநாட்டு ராக்கெட்டுக்கு வரிசையில்தான் நிற்கும். ராக்கெட் ஏவுதலை நேரலையில் பார்க்க நாடே கூடுகிறது. வெற்றிட அறைக்குள் நீலமாக ஒளிரும் ஒரு வளையத்தை நாற்பத்திரண்டு நாள் யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. நிதி ஒதுக்குகிறவர்கள் மட்டுமாவது அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.